வின்ச் வாங்குமுன் முளையை யோசியுங்கள்

சம்பா நடவுக் காலத்தில் ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றி வருகிறவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சேற்றுழவுக்கு இறங்கிய டிராக்டர் ஒன்று அச்சு வரை புதைந்து நிற்கும். அதை இழுக்க வந்த இன்னொரு டிராக்டர் வரப்போரம் சங்கிலியுடன் உறுமிக்கொண்டிருக்கும். சுற்றிலும் இருபது பேர் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அந்த யோசனைகளில் பாதி உயிருக்கே ஆபத்தானவை.

சென்ற ஐப்பசியில் திருவளர்சோலைக்குக் கிழக்கே ஒரு வயலில் நான் பார்த்ததும் இதுதான். இழுக்க வந்த டிராக்டரை ஓட்டியவர் சங்கிலியைத் தளரவிட்டு, பின்பு வேகமாக முன்னே பாய்ச்சினார். இரண்டாவது பாய்ச்சலில் சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தது. அறுந்த நுனி, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனின் தலைக்கு ஒரு சாண் மேலே பறந்துபோய்த் தென்னை மரத்தில் குழி விழ அடித்தது. எல்லோரும் சிரித்துவிட்டு அடுத்த சங்கிலியைத் தேடப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை என் தங்கை மகன் கைபேசியுடன் வந்தான். "மாமா, இதுக்கெல்லாம் ஒரே வழி வின்ச்தான். டிராக்டர் முன்னாடி மாட்டிட்டா நாமே நம்மளை இழுத்துக்கலாம். பட்டறையில சொன்னா அரை நாள்ல வெல்டு வச்சுத் தந்துடுவாங்க" என்றான். வெளிநாட்டில் ஒருவர் வீட்டு முற்றத்திலேயே தன் ஜீப்புக்கு வின்ச் பொருத்தும் படத்தையும் காட்டினான்.

அவன் ஆசையில் தவறில்லை. ஆனால் நம் வயலுக்கு, நம் டிராக்டருக்கு, நம் கைக்காசுக்கு அது ஏற்றதுதானா என்பது வேறு விஷயம். இதே ஆசை இப்போது பல ஊர்களில் பரவி வருவதால் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது அவசியம்.

வின்ச் நமக்குப் புதிதல்ல

வின்ச் என்பது இழுவைக் கயிறு சுற்றிய ஓர் உருளை. மோட்டாரோ கைப்பிடியோ அதைச் சுழற்றுகிறது. கிணறு வெட்டும் கிரேனில் மண் கூடையை மேலே ஏற்றுவதும், மீன்பிடி விசைப்படகில் வலையை இழுப்பதும் இதுதான். அதற்கு முன்பே நம் பாட்டனார்கள் கவலை ஏற்றத்தில் வடத்தை உருளை மேல் ஓட்டி, மாடுகளைச் சரிவில் இறக்கிச் சால் நீரை மேலே கொண்டுவந்தார்கள். அவர்கள் முதலில் கவனித்தது மாட்டின் பலத்தை அல்ல. உருளையைத் தாங்கும் கால்கள் ஊன்றியிருக்கின்றனவா என்பதைத்தான். கால் பெயர்ந்தால் மாடும் ஆளும் கிணற்றுக்குள் போக நேரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பாடத்தைத்தான் நாம் மறந்துவிட்டோம். வின்ச்சின் விலையையும் அது இழுக்கும் டன்னையும் கேட்கிறோம். ஒரு முனையில் அது எதில் பொருத்தப்படும், மறுமுனையில் எதைப் பிடித்து இழுக்கும் என்று கேட்பதில்லை. இழுவை என்பது இரண்டு முனைகளுக்கு இடையே நடப்பது. இரண்டில் எது பலவீனமோ அதுவே முதலில் பெயரும்.

டிராக்டரில் வெல்டிங் கூடாது

முதல் முனையைப் பார்ப்போம். படத்தில் காட்டும் ஜீப்புக்கு இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்களால் ஆன சேஸிஸ் உண்டு. டிராக்டரில் பெரும்பாலும் அப்படித் தனிச் சேஸிஸ் கிடையாது. என்ஜின், கியர் பெட்டி, பின் அச்சுப் பெட்டி ஆகிய வார்ப்புப் பாகங்களையே ஒன்றோடொன்று போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கிறார்கள். அவைதாம் டிராக்டரின் முதுகெலும்பு. முன் எடைக் கட்டிகளைத் தாங்கும் பாகமும் பெரும்பாலும் வார்ப்பு இரும்பே.

வார்ப்பு இரும்பில் சாதாரண வெல்டிங் குச்சியால் பற்று வைத்தால், பற்றுக்கு அருகிலேயே மயிரிழை போன்ற வெடிப்பு விடும். அன்று கண்ணுக்குத் தெரியாது. மூன்று டன் இழுவை விழும் நாளில்தான் தெரியும். வின்ச்சும் அதைத் தாங்கிய துண்டும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

நம் திருச்சிக்கு வெல்டிங் வேலை புதியதல்ல. 1965-இல் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை வந்தது. 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கே அமைந்தது. கொதிகலன் குழாயில் வைக்கும் பற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, உயிரைத் தாங்க வேண்டிய பற்றை நாம் கண்ணளவில் பார்த்து ஒப்புக்கொள்ளலாமா?

பொருத்தித்தான் ஆக வேண்டும் என்பவர்கள், உற்பத்தியாளர் ஏற்கெனவே விட்டிருக்கும் துளைகளில் மட்டும் போல்ட்டு போட்டுப் பொருத்துங்கள். போல்ட்டின் தலையில் 8.8 என்றோ அதற்கு மேலான எண்ணோ பொறித்திருக்க வேண்டும். எண் இல்லாத போல்ட்டு வேலிக்கு ஆகும், இதற்கு ஆகாது. புதிதாகத் துளை போடுவதும், பற்று வைப்பதும், முன் பம்பரில் மாட்டுவதும் வேண்டாம்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஜீப், கார் ஆகியவற்றின் முன்புறம் மாட்டும் இரும்புத் தடுப்புகள் இந்தப் பிரிவுக்கு விரோதமானவை என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அந்தத் தடுப்பில்தான் பலர் வின்ச்சை மாட்டுகிறார்கள். 2019-இல் திருத்திய சட்டத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எதையும் பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

நான்கு டன் என்பது எப்போது?

மின்சார வின்ச்சில் நான்கு டன் என்று எழுதியிருந்தால், உருளையில் கயிறு ஒரே ஒரு சுற்று அடுக்காக இருக்கும்போது மட்டுமே அந்தப் பலம். கயிறு அடுக்கடுக்காக ஏறினால் உருளை பருக்கும், இழுவை குறையும். நான்காவது அடுக்கில் ஏறத்தாழ இரண்டரை டன்தான் கிடைக்கும். ஆகவே கயிற்றை நீளமாக வெளியே விட்டு இழுப்பதே முறை. ஆனால் இரும்புக் கயிறானால் உருளையில் குறைந்தது ஐந்து சுற்றாவது எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது முனையில் உள்ள சிறு திருகு அல்ல. அந்தச் சுற்றுகளின் இறுக்கம்தான்.

முழுப் பளுவில் இத்தகைய வின்ச் ஏறத்தாழ 400 ஆம்பியர் மின்சாரம் குடிக்கும். டிராக்டர் பேட்டரி இதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. பேட்டரி இறங்கிவிட்டால் சேற்றில் நிற்கும் டிராக்டரை ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை. புதைந்தது ஒன்று, செத்தது ஒன்று என்று கஷ்டம் இரண்டாகும்.

புதைந்த வண்டியை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. சக்கரம் அச்சு வரை புதைந்திருந்தால் ஏறத்தாழ வண்டியின் எடையளவு. உடம்பே சேற்றில் உட்கார்ந்துவிட்டால் இரண்டு மூன்று மடங்கு. 35 முதல் 45 குதிரைத் திறன் கொண்ட டிராக்டரின் எடை ஏறத்தாழ இரண்டு டன். உடம்பு உட்கார்ந்துவிட்டால் நான்கு முதல் ஆறு டன் வரை தேவைப்படும். ஆனால் அரை மணி நேரம் மண்வெட்டி பிடித்துச் சக்கரத்தைச் சுற்றி வெட்டி, வெளியேறும் பக்கம் சரிவு எடுத்துவிட்டால் இந்தத் தேவை பெருமளவு குறைந்துவிடும். களிமண்ணில் சேறு சக்கரத்தைக் கவ்விப் பிடிப்பதே பாதிக் கஷ்டம். அந்தக் கவ்வலை வெட்டி விட்டால் போதும். நம்மிடம் உள்ள மிக மலிவான வின்ச், மண்வெட்டிதான்.

முன்னே இழுத்தால் எங்கே போவீர்கள்?

இனி என் முக்கியமான ஆட்சேபணை. முன்புறம் பொருத்திய வின்ச் வண்டியை முன்னால் மட்டுமே இழுக்கும். ஆனால் சேற்றில் மாட்டிய வண்டிக்கு முன்னால் இருப்பது இன்னும் சேறுதான். கெட்டியான தரை, வந்த வழியில், பின்னால் இருக்கிறது. தப்பிக்க வேண்டிய திசைக்கு எதிர்ப்புறத்தில் ஆயிரக்கணக்கில் பணம் போட்டு ஓர் இயந்திரத்தை மாட்டுவதில் என்ன பிரயோஜனம்?

இன்னொன்று, மறுமுனை. ஜீப்புப் படங்களில் பெரிய காட்டு மரம் ஒன்று எப்போதும் எதிரே நிற்கும். நம் வயலில் என்ன நிற்கிறது? வாழை ஒரு கயிற்றுக்கும் தாங்காது. வரப்போரத் தென்னை ஈர மண்ணில் சாய்ந்துவிடும். பட்டையையும் கயிறு அறுத்துவிடும். மின்கம்பத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் ஒருபோதும் கயிறு கட்டாதீர்கள். ஆகவே பிடிமானத்தை நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

கெட்டியான மண்ணில் மூன்று முளைகளை ஒன்றன்பின் ஒன்றாக, இழுவைக்கு எதிர்ப்புறம் சற்றுச் சாய்த்து அடியுங்கள். முன் முளையின் தலையை அடுத்த முளையின் அடியோடு கட்டுங்கள். அதன் தலையை மூன்றாவதின் அடியோடு கட்டுங்கள். இழுவைக் கயிறு முன் முளையின் அடியில்தான் இருக்க வேண்டும். கொள்ளிடக் கரையோரப் படுகை போன்ற மணற்பாங்கான இடத்தில் முளை நிற்காது. அங்கே ஐந்தடி நீளமுள்ள பனங்கட்டை ஒன்றை, இழுவைக்குக் குறுக்காக, மூன்றடிக்கு மேல் ஆழத்தில் புதையுங்கள். கயிறு வெளியே வரச் சரிவாக ஒரு வாய் வெட்டி விடுங்கள். இந்தப் புதை கட்டை அசையாது. ஆண்டுதோறும் மாட்டுகிற வயலானால் கட்டையை அங்கேயே விட்டுவிடலாம்.

வரப்பில் ஒரு கை வின்ச்

இதனால்தான் சிறு விவசாயிக்கு நான் சிபாரிசு செய்வது வண்டியில் பொருத்தும் வின்ச்சை அல்ல. நெம்புகோலைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து இயக்கும், தூக்கிச் செல்லக் கூடிய கை வின்ச்சையே. 1.6 டன் இழுக்கும் வகையை ஓர் ஆள் தோளில் போட்டு வரப்பு வழியே கொண்டுபோகலாம். பேட்டரி, வெல்டிங், பதிவுச் சான்று என்று எந்தத் தொல்லையும் இல்லை. எந்தத் திசையில் கெட்டித் தரை உண்டோ அந்தத் திசையில் இழுக்கலாம்.

பக்கம் திறக்கும் கப்பி ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் பலம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வின்ச் வண்டியில் இருந்து, கப்பி முளையில் இருந்தால், கயிற்றின் இரண்டு இழைகளின் பளுவும் அந்த ஒரே முளையின் மேல் விழும். மாறாக, கை வின்ச் வரப்பில் ஒரு முளையிலும், கயிற்றின் மறு நுனி வரப்பில் இன்னொரு முளையிலும், கப்பி டிராக்டரிலும் இருந்தால், வண்டிக்கு 3.2 டன் இழுவை கிடைக்கும். ஒவ்வொரு முளைக்கும் 1.6 டன்தான் வரும். அதே கப்பி, அதே கயிறு. வைக்கும் இடம் மாறினால் முளைக்குப் பாதிப் பளு குறைகிறது.

அளவுக்கு மீறிய பளு வந்தால் நெம்புகோலில் உள்ள சிறு ஊசி முறிந்து, மேற்கொண்டு இழுக்க விடாமல் நிறுத்திவிடும். அது வின்ச்சின் குறை அல்ல. நமக்குச் சொல்லும் எச்சரிக்கை. அந்த இடத்தில் ஆணியைச் செருகி மேலும் இழுப்பவர் தம் கழுத்துக்குத் தாமே கயிறு போட்டுக்கொள்கிறார்.

கை வின்ச் மெதுவானது என்பது உண்மை. ஒரு அசைவுக்குச் சில விரற்கடைதான் நகரும். பச்சைமலை போன்ற மலைப் பாதைகளில் மழையிலும் சறுக்கிலும் தினமும் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு வண்டியிலேயே பொருத்திய வின்ச் சௌகரியம்தான். அவர்களுக்குப் பாதையோரம் மரமும் பாறையும் உண்டு. வருஷத்தில் நாலைந்து முறை மாட்டுகிற நமக்கு வேகம் அவ்வளவு முக்கியமில்லை. மெதுவாக இழுப்பதே பாதுகாப்பும்கூட.

டிராக்டர் ஏன் மல்லாக்கக் கவிழ்கிறது?

சக்கரம் சுற்றுகிறபோது மரக்கட்டையைப் பின் சக்கரங்களோடு சேர்த்துக் கட்டி, கியரைப் போட்டு ஏற்றிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. பத்து முறை பலித்திருக்கலாம். ஆனால் கட்டை தடுத்துச் சக்கரம் சுற்ற முடியாமல் நின்றுவிட்டால், என்ஜினின் பலம் எங்கே போகும்? சக்கரத்தைச் சுற்ற முடியாத பலம், அச்சை மையமாக வைத்து டிராக்டரின் உடம்பையே சுற்றும். முன் சக்கரம் எழும்பும். ஒரு விநாடிக்குள் மீள முடியாத நிலைக்குப் போய்விடும். கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளை நினைப்பதற்குள் ஓட்டுபவர் மேல் இரண்டு டன் விழுந்திருக்கும்.

இழுக்க வரும் டிராக்டருக்கும் இதே ஆபத்து உண்டு. சங்கிலியைத் தாழ்வாக உள்ள இழுவைச் சட்டத்தில்தான் கோக்க வேண்டும். மேல் லிங்க்கிலோ இருக்கைக்கு அடியிலோ கோத்தால் முன்பக்கம் எழும்பிவிடும். நம் ஊர்ச் சித்திரைத் தேரைப் பாருங்கள். வடத்தை அடியில்தான் கோக்கிறார்கள். மேலே கும்பத்தில் கட்டி எவரும் இழுப்பதில்லை.

வயலில் கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாட்டியது தெரிந்தவுடன் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்கும். டிரெய்லர் இருந்தால் முதலில் பாரத்தை இறக்கி, கழற்றிவிடுங்கள். வெட்டுங்கள், வந்த வழியே பின்னோக்கி எடுக்கப் பாருங்கள். பலகையோ தென்னை மட்டையோ சக்கரத்தின் கீழே போடலாம். சக்கரத்தோடு கட்டக் கூடாது. இழுக்கும்போது பாய்ச்சி இழுக்காதீர்கள். இறுகிய கயிற்றின் நடுவே நனைந்த கோணிகள் இரண்டைப் போட்டு வையுங்கள். அறுந்தால் வேகம் தணியும். இரும்புக் கயிற்றைத் தோல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கயிற்றின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்குள்ளும், கயிற்றின் நேர்க்கோட்டிலும் வேடிக்கை பார்ப்பவர் எவரும் நிற்கக் கூடாது. குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

ஊருக்கு ஒரு செட்டு போதும்

தனி ஒருவர் இதையெல்லாம் வாங்கி வைக்க வேண்டியதில்லை. ஒரு கை வின்ச், இரண்டு கப்பிகள், நாலு ஷாக்கிள், ஒரு அகலப் பட்டை, ஆறு இரும்பு முளைகள், ஒரு சம்மட்டி. இந்த ஒரு செட்டு ஊருக்கே போதும். உத்தமர்சீலியானாலும் மேலூரானாலும், பத்துப் பேர் சேர்ந்து வாங்கி ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கூட்டுறவுச் சங்கங்களும், இயந்திரங்களை வாடகைக்கு விடும் மையங்களும் டிராக்டருடன் இந்தச் செட்டையும் சேர்த்து வைத்திருந்தால் எவ்வளவு உதவி! வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், அறுவடை இயந்திரம் எல்லாம் வாடகைக்குத் தருகிறது. அத்துடன் நடவுக்கு முன் ஊர் ஊராக ஒரு நாள், புதைந்த வண்டியை எடுப்பது எப்படி என்று வயலிலேயே செய்து காட்டினால், மானியத்தைக் காட்டிலும் அது பெரிய உபகாரமாக இருக்கும்.

என் மருமகன் இப்போது வின்ச் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிடவில்லை. பங்குக்குக் கை வின்ச் வாங்கப் பெயர் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அத்துடன் இன்னொரு காரியமும் செய்திருக்கிறான். சென்ற வருஷம் டிராக்டர் மாட்டிய இடங்கள் எல்லாம் வாய்க்கால் கசியும் அதே மூன்று மூலைகள்தாம் என்று கண்டுபிடித்து, அங்கே சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டுவிட்டான். வருகிற சம்பாவில் அந்த மூலைகளை மாடு கட்டியோ மண்வெட்டியாலோ உழுதுகொள்ளப் போகிறோம். மாட்டாத டிராக்டருக்கு வின்ச் எதற்கு?

உங்கள் வயலிலும் அந்த மூலைகள் எவை என்று உங்களுக்குத் தெரியும். இன்றே போய் ஒரு குச்சி நட்டுவிட்டு வாருங்கள்.